பதினெட்டில் நிற்காத முள்

என் காரில் முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு மீட்டர் இருக்கிறது. வேகம் காட்டும் மீட்டர் அல்ல. எஞ்சினுக்குள் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது. மலை ஏறும்போது அதன் முள் பதினெட்டில் நிற்க வேண்டும். இரண்டு வருடங்களாக அப்படித்தான் நின்றது. போன புரட்டாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், அது பதினொன்றில் நின்றுவிட்டது.

அன்று மாலை டைரியில் இப்படி எழுதினேன்: "முள் 11. கார் இழுக்கவில்லை. மழை இல்லை, பனி இருந்தது. மேலே போகப் போக 15." தினமும் டீ குடித்து முடித்ததும் எழுதுவது என் வழக்கம். பார்த்ததை எழுதுவேன், நினைத்ததை எழுத மாட்டேன்.

கல்வராயன் மலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வீடு கள்ளக்குறிச்சியில். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கும் முன்பு ஒரு மணி நேரம் தனி வகுப்பு எடுப்பேன். பஸ் ஸ்டாண்டில் முதல் மலை பஸ்ஸைப் பிடித்தாலும் அந்த வகுப்புக்குப் போய்ச் சேர முடியாது. அதற்காகத்தான் கார். பழைய டீசல் கார். வாங்கியபோது கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முக்கித்தான் ஏறும்.

என் கணவரின் தம்பி சங்கராபுரம் சாலையில் கார் ஷெட் வைத்திருக்கிறார். அவர்தான் இதற்குப் பெரிய வண்டி ஒன்றின் டர்போவைப் பொருத்திக் கொடுத்தார். தன் கையால் அவர் செய்த முதல் மாற்றம் அது. எப்படி வேலை செய்கிறது என்று அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்குகிறது. காற்று நிறையப் போனால் டீசலும் நிறைய எரிந்து வண்டி இழுக்கும். அளவு மீறினால் எஞ்சின் கெட்டுவிடும் என்பதால், புகை வரும் வழியில் ஒரு சிறு கதவு வைத்திருக்கிறார்கள். அழுத்தம் ஏறியதும் ஸ்பிரிங் உள்ள ஒரு டப்பா அந்தக் கதவைத் திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியே விட்டுவிடும். அழுத்தம் எவ்வளவு என்று டப்பாவுக்குத் தெரிவிப்பது ஒரு மெல்லிய ரப்பர் குழாய்.

ஸ்பிரிங்கை மட்டும் நம்பினால் கதவு பத்திலேயே திறந்துவிடும். நமக்குப் பதினெட்டு வேண்டும். அதனால் கொழுந்தனார் அந்தக் குழாயின் நடுவே பித்தளையில் ஒரு சிறு உருப்படியைச் சேர்த்தார். அதில் ஒரு துளை உண்டு. குழாயில் வரும் காற்றில் கொஞ்சம் அந்தத் துளை வழியே கசிந்துவிடும். டப்பாவுக்குப் போய்ச் சேர்வது குறைந்த காற்று.

"அழுத்தம் இன்னும் ஏறலன்னு அது நெனச்சிக்கினு கதவ லேட்டா தொறக்கும். டப்பாவ ஏமாத்துறோம் அண்ணி, அவ்ளோதான்," என்றார்.

மலைச்சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்து செம்மண் புழுதி பறந்ததால், போன சித்திரையில் அந்தத் துளைக்கு மேல் ஒரு பித்தளைத் தொப்பியையும் திருகிவிட்டார். காற்று போகும், தூசி போகாது.

முள் இறங்கிய அன்றே ஷெட்டுக்குப் போனேன். கொழுந்தனார் பானட்டைத் திறக்குமுன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா அண்ணி, ரோட்ட பார்த்துக்கினு ஓட்டினீங்களா, மீட்டர பார்த்துக்கினு ஓட்டினீங்களா?"

"ரெண்டையுந்தான் பார்த்தேன் தம்பி. பதினொண்ணு."

"நம்ம டர்போவா? இருக்காதே."

அவர் முதலில் சந்தேகப்பட்டது கசிவை. டர்போவிலிருந்து எஞ்சின் வரை போகும் பெரிய குழாய்களின் வாயை அடைத்துவிட்டு, கம்ப்ரஸரிலிருந்து காற்று ஏற்றி, இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஓர் இடத்தில் நுரை பொங்கியது. கிளாம்ப் தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு, "முடிஞ்சிபோச்சி, போங்க," என்றார். மறுநாள் காலை பன்னிரண்டு. மேலே பள்ளிக்கூடத்து ஏற்றத்தில் பதினாறு.

அடுத்து டப்பா. குழாயைக் கழற்றி, சைக்கிள் பம்பால் நேரடியாக டப்பாவுக்குக் காற்று அடித்தார். பத்தைத் தொட்டதும் கம்பி நகர்ந்து கதவு திறந்தது. பம்பை நிறுத்தியதும் மூடியது. இருபது முறை அடித்தார். இருபது முறையும் பத்தில்தான் திறந்தது. டப்பா மேல் தப்பில்லை. டர்போவின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. ரப்பர் குழாய்களை எல்லாம் புதிதாக மாற்றினார். மீட்டரே பொய் சொல்கிறதோ என்று வேறொரு காரிலிருந்து மீட்டரைக் கழற்றி மாட்டிப் பார்த்தோம். அதுவும் அதையேதான் காட்டியது.

ஒரே அளவாகக் குறைந்திருந்தால் அவருக்கு இவ்வளவு குழப்பம் வந்திருக்காது. ஒரு நாள் பதினொன்றில் தொடங்கும், ஒரு நாள் பதினைந்தில். ஒரு வளைவில் பன்னிரண்டு, அடுத்த வளைவில் பதினான்கு. அவர் ஷெட்டிலிருந்து எடுத்துப் போய்ப் பார்த்தால் பதினேழு.

"என் கையில வந்தா ஒழுங்கா இருக்குது. உங்க கையில வந்தாதான் வேல காட்டுது," என்றார். சொல்லிவிட்டு, "சும்மா சொன்னேன் அண்ணி," என்று சேர்த்துக்கொண்டார். அதையும் எழுதி வைத்தேன். அவர் எடுத்துப் போனதெல்லாம் வெயில் அடித்த மாலைகளில்.

எது மாறியது என்று பார்க்கலாம் என ஒரு நாள் டைரியை ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பின்னோக்கிப் படித்தேன்.

"ஞாயிறு, வண்டி எடுக்கல. சனி, கச்சிராயபாளையம் வரைக்கும், மேடு இல்ல. வெள்ளி, விஜயதசமி லீவு. வியாழன், ஆயுத பூஜ லீவு. புதன், பள்ளிக்கூடம், முள் பதினெட்டு."

"லீவெல்லாம் உட்ருங்க. டீசல் எங்க போட்டீங்க?"

"வழக்கமா போடுற எடத்துலதான்."

"ஏர் பில்ட்டர்?"

"ஆவணியில நீங்கதான் மாத்துனீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். நான் டைரியை மூடினேன்.

அந்த வாரம் வியாழக்கிழமைதான் அது நடந்தது. என்னோடு தினமும் காரில் வருபவர் எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர். எலவனாசூர்கோட்டைக்காரர், இப்போது கள்ளக்குறிச்சியில் குடியிருப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் முன்னால் ஒரு பஸ் நின்றதால் நானும் நின்று, மறுபடி எடுத்தேன். முள் ஒன்பதைத் தாண்டவில்லை. கார் இரண்டடி முன்னால் போய், எஞ்சின் அணைந்து, பின்னால் நகர்ந்தது. எங்களுக்குப் பின்னால் மக்காச்சோள மூட்டை ஏற்றப் போகும் காலி லாரி. அதன் டிரைவர் ஹாரன் அடித்த அடியில் எனக்குக் காது அடைத்துவிட்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் குதித்து இறங்கி, சாலையோரக் கல் ஒன்றை உருட்டிவந்து பின் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "டீச்சரம்மா, ஸ்டிக்கரெல்லாம் டர்போன்னு ஒட்டி இருக்குது. கல்லு வெச்சிதான் ஓடுமா?"

அன்று மாலை இதை என் கணவரிடம் சொன்னது நான் இல்லை. டீச்சரை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது என் கணவர் அங்கே பைக்கில் வந்து சேர்ந்தார். நைனார்பாளையத்தில் எங்கள் மரவள்ளிக் கொல்லையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி அவருக்கு அதுதான். டீச்சர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார், கல்லை உருட்டியபோது கையில் ஏற்பட்ட சிராய்ப்பையும் காட்டினார். என் கணவர் சிரிக்கவில்லை.

மறுநாள் ஒரு விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தார். மனமொத்த மாறுதலுக்கானது. சமவெளியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர் ஒருவர் மலைக்கு வரத் தயாராக இருந்தார். இருவரும் கையெழுத்துப் போட்டால் இடம் மாறிக்கொள்ளலாம். அந்த ஆசிரியர் முன்பே கேட்டிருந்தார், நான்தான் பதில் சொல்லாமல் இருந்தேன்.

"தீபாவளி வரைக்கும் பார்ப்பாராம். அப்பால வேற ஆள பார்த்துக்குவாராம்," என்றார் என் கணவர்.

"வண்டிய சரி பண்ணிடலாங்க."

"எப்ப? உங்கொழுந்தன் மாத்தாத சாமான் இன்னும் இன்னா பாக்கி இருக்குது? கல்லு வெச்சி நிறுத்துற வண்டியில நீ இன்னாத்துக்குப் போவணும்?" பிறகு குரல் தணிந்து, "தீபாவளிக்குள்ள முள்ளு ஒழுங்கா நின்னா நான் வாய தொறக்கல. நிக்கலன்னா கையெழுத்து போட்டுடு," என்றார்.

அது நியாயமாகத்தான் பட்டது. அதனால் சரி என்றேன். ஆனால் அந்தக் காலை வகுப்பில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். முக்கோணவியலை அப்போதுதான் தொடங்கியிருந்தேன். தொடங்கியதை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். அந்த முள் ஏன் நிற்கவில்லை என்று தெரியாமல் மலையை விட்டு இறங்கவும் எனக்கு மனமில்லை.

விண்ணப்பத்தைக் கார் டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அணைக்கட்டருகே வந்ததும் டீச்சர் அதை எடுத்துப் புரட்டினார்.

"அக்கா, இது வெத்துப் பேப்பரா?"

"பின்பக்கம் வெத்துதான்."

"அப்ப நீங்க ரோட்ட பாருங்க. நான் முள்ள படிச்சி எழுதறேன். சும்மா பார்த்தா ஒண்ணும் தெரியாது. எங்க பார்க்கறோம்னு ஒரு கணக்கு வேணாமா?"

நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொன்னார். எட்டு இடங்களை முடிவு செய்தோம். வனத்துறை சோதனைச் சாவடி தாண்டிய முதல் மேடு, இரண்டாவது, மூன்றாவது கொண்டை ஊசி வளைவுகளின் வெளிவாய், சிறு பாலம், ஒரு பலாமரம், மைல் கல் ஒன்று, ரேஷன் கடை மேடு, கடைசியாகப் பள்ளிக்கூடத்து ஏற்றம். ஒவ்வோர் இடத்திலும் மூன்றாவது கியர், எஞ்சின் வேகம் ஒரே அளவு, மிதியை முழுதாக அழுத்துவது. அந்த நொடியில் முள் எங்கே இருக்கிறதோ அதை டீச்சர் எழுதுவார். வளைவுகளில் மட்டும் இரண்டாவது கியர். அதை ஓரத்தில் குறித்தார்.

ஐந்து நாள்கள் எழுதினோம். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டோம். முதல் பார்வைக்கு வெறும் எண்கள். பிறகு ஒன்று தெரிந்தது. எந்த நாளும் முதல் இடத்தில்தான் எண் குறைவு. மேலே போகப் போக, எஞ்சின் சூடேற ஏற, எண்ணும் ஏறியது. புதன்கிழமை மட்டும் அப்படி இல்லை. அன்று எட்டு இடத்திலும் பத்து, பதினொன்று.

"புதங்கிழம இன்னா பண்ணோம்?" என்றார் டீச்சர்.

டைரியைப் புரட்டினேன். புதன்: "காலை முழுதும் தூறல். வைப்பர் நிறுத்தவில்லை."

செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டத்துக்காகப் பாதியில் கீழே இறங்கி, மதியம் நல்ல வெயிலில் மறுபடி ஏறியிருந்தோம். அந்த வரிசையில் எட்டு இடத்திலும் பதினேழும் பதினெட்டும். நான் டைரியிலிருந்து ஒவ்வொரு நாளின் பனியையும் வெயிலையும் படிக்கப் படிக்க, டீச்சர் எண்களுக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தார். ஈரமான நாளில் முள் கீழே. காய்ந்த நாளில் மேலே.

இதுவரை எவ்வளவோ முறை அந்த எண்களைப் பார்த்திருக்கிறேன். ஈரத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை. பிற்பகல் எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டு, பிள்ளைகள் சொல்லித் திருத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஷெட். செவ்வாய்க்கிழமை தீபாவளி. தாளைக் கொழுந்தனாரிடம் காட்டினேன்.

"மழைக்கும் டர்போவுக்கும் இன்னா அண்ணி சம்பந்தம்? அதுக்குச் சளி புடிக்குதா?"

"எனக்குத் தெரியல தம்பி. ஆனா எழுதியிருக்கறது அப்படித்தான் இருக்குது."

அவர் தாளை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஈரம் பட்டா உப்புற சாமான் இன்னா? மரம். துணி. அட்ட. இதுல எதுவும் இங்க இல்லையே. எல்லாம் இரும்பு, பித்தள, ரப்பர்."

பிறகு எழுந்து, பித்தளை உருப்படியை முழுதாகக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயை நேராக டப்பாவில் செருகினார். "இப்ப ஏமாத்து வேல இல்ல. பத்து காட்டணும். வேற எத காட்டினாலும் தப்பு வேற எடத்துல," என்றார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் படித்தேன். சங்கராபுரம் சாலையில் நாலு முறை போய் வந்தோம். பத்து. பத்து. பத்து. வழியில் ஒரு தண்ணீர் லாரி சாலையை நனைத்துக்கொண்டு போனது, அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தோம். அப்போதும் பத்து.

ஷெட்டுக்குத் திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது. இரண்டு வாரங்களாகக் கார் முழுவதும் பரவியிருந்த சந்தேகம் இப்போது அவர் உள்ளங்கையில் இருந்த பித்தளைத் துண்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அவரே செய்த துண்டு. அதை மட்டும்தான் அவர் இதுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

பெஞ்சில் துணி விரித்துப் பிரித்தார். உள்ளே கசிவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு சுத்தம். துளை சுத்தம். மிச்சம் தொப்பி.

"இது பளபளன்னு மின்னுதே," என்று வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியது. தொப்பியை எடுத்துப் பார்த்தார். மறுபடி ஊதினார். கண் பிதுங்கியது.

"அண்ணி, இதுல காத்தே போவல."

அப்போதுதான் அந்தத் தொப்பியை முதல் முறையாகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். தூரத்தில் பார்த்தால் கெட்டிப் பித்தளை போலத் தெரியும். உண்மையில் அது ரவை போன்ற பித்தளைத் துகள்களை அமுக்கிச் செய்தது. துகள்களின் இடுக்கு வழியாகத்தான் காற்று போக வேண்டும். பக்கத்து டீக்கடையில் ஒரு தம்ளர் கொதிநீர் வாங்கி வந்து அதற்குள் போட்டார். சிறு குமிழிகள் வந்தன. பிறகு தொப்பியிலிருந்து மஞ்சளாக ஏதோ கரைந்து, நூல்போல இறங்கித் தம்ளரின் அடியில் பரவியது. அவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"இன்னா அண்ணி இது, கோயில் வாசன வருது?"

சந்தனம்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆயுத பூஜை அன்று வீட்டு வாசலில் காரைக் கழுவி, பானட்டைத் திறந்து, உள்ளே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள் நான்தான். பேட்டரிக்கு ஒன்று, எஞ்சின் மூடிக்கு ஒன்று, டர்போவுக்கு ஒன்று. இந்தப் பித்தளைத் தொப்பியைப் பார்த்ததும் பூஜைச் சாமான் போலத் தோன்றியது. அதனால் ஒரு பொட்டோடு நிறுத்தாமல் தொப்பி முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, காய்ந்த சந்தனம் அசிங்கமாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்ததோடும் விடவில்லை. வீட்டில் குத்துவிளக்கைத் துலக்குவது போல, விபூதியைத் தொட்டு, பளபளக்கும் வரை தேய்த்தேன். சந்தனமும் விபூதியும் நன்றாக உள்ளே இறங்கியிருக்கின்றன. வெளியே பளபளப்பு மட்டும் நின்றது.

சொன்னேன். கொழுந்தனார் என்னையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணி, வண்டிக்குச் சாமி கும்பிடறேன்னு அது மூக்கையே அடச்சிட்டீங்களே! ரெண்டு வாரமா நான் எல்லா குழாயும் மாத்திக்கினு இருக்கேன்."

"நீங்க ஷெட்டுல பூஜ போட்டப்ப இதுக்கெல்லாம் வைக்கலியா?"

"வெச்சேன். கம்ப்ரஸருக்கு நானுந்தான் வெச்சேன்," என்று சொல்லிக்கொண்டே சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, மூலையில் நின்ற கம்ப்ரஸரிடம் போய் அதன் காற்று உறிஞ்சும் வாயைக் குனிந்து பார்த்தார். அங்கே பொட்டு இல்லை. நிம்மதியாகத் திரும்பி வந்தார்.

டைரியில் அந்த நாள்கள் இருக்கத்தான் செய்தன. வியாழன்: "ஆயுத பூஜை. லீவு. காருக்குப் பொட்டு." சனி: "கார் சுத்தம் செய்தேன்." ஷெட்டில் சத்தமாகப் படித்தபோது இரண்டையுமே படிக்காமல் தாண்டியிருக்கிறேன். ஆயில் மாற்றுவது காரில் செய்யும் வேலை. பொட்டு வைப்பதை வேலை என்று நானும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

தொப்பியை மூன்று முறை கொதிநீரில் போட்டு, கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து, உருப்படியை மறுபடி காரில் மாட்டினார். ஒரே ஒரு கேள்வி மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. அடைத்தது சரி, ஏன் ஈரத்தில் அதிகமாக அடைத்தது? அவரிடம் அதே மாதிரி உபரித் தொப்பி ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதே சந்தனம், அதே விபூதி, அதே துணி. தேய்த்து முடித்து அடுப்புப் பக்கத்தில் காய வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஊதினால், சிரமப்பட்டுக் கொஞ்சம் காற்று போயிற்று. இட்லிப் பானையின் ஆவியில் காட்டிவிட்டு ஊதினேன். துளி போகவில்லை. மறுபடி காய வைத்தேன், மறுபடி போயிற்று. ஈரத்தில் உப்புகிற சாமான் மரம் என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். சந்தனம் மரம்தான்.

பனியில் அது உப்பி அடைக்கிறது. கசிய வேண்டிய காற்று கசியாமல் முழுதும் டப்பாவுக்கே போகிறது. டப்பா ஏமாறாமல் கதவைச் சீக்கிரம் திறந்துவிடுகிறது. எஞ்சின் சூட்டில் காய்ந்ததும் மறுபடி கசிகிறது, முள் ஏறுகிறது. தூறலில் எஞ்சின் பகுதிக்குள் ஈரம் வந்துகொண்டே இருந்ததால் புதன்கிழமை கடைசிவரை காயவில்லை. எட்டு இடத்து எண்களும் இதற்குள் அடங்கின. வாயில் விபூதிக் கசப்போடு சமையலறையில் நின்றபடி, மூன்று முறை சரிபார்த்தேன்.

என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "இன்னாத்த ஊதிக்கினு இருக்கற?"

எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க ஒரு கணம் தோன்றியது உண்மை. தொப்பி கெட்டுவிட்டது, மாற்றியாகிவிட்டது என்று சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவர் தொப்பியை வாங்கி உருட்டிப் பார்த்தார். "அப்ப தப்பு வண்டி மேல இல்ல, அவன் மேலயும் இல்ல. உம்மேல."

"ஆமாங்க."

"நாளைக்கு நான் வந்து பார்க்கறேன். நின்னாதான்."

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். நல்ல பனி. அணையின் தண்ணீரே தெரியவில்லை. இதைவிட ஈரமான காலை கிடைக்காது என்று ஒரு பக்கம் மகிழ்ச்சி, ஒரு பக்கம் பயம். டீச்சரின் இடத்தில் என் கணவர். டேஷ்போர்டிலிருந்த விண்ணப்பத்தை அவர் கையில் கொடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். கையெழுத்துப் போடும் இடம் முன்பக்கத்தில் காலியாகவே இருந்தது. பின்பக்கத்தில் டீச்சரின் எழுத்து நிறைந்து, ஓரத்தில் ஒரு வரிசைக்கு மட்டும் இடம் மிச்சம்.

"நான் சொல்ற எடத்துல முள்ள படிங்க. என்ன இருக்குதோ அதையே எழுதுங்க. கூட்டாதீங்க, குறைக்காதீங்க."

"எனக்கு எழுதத் தெரியாதா?"

சாவடி தாண்டி முதல் மேட்டில் மிதியை அழுத்தினேன். நான் முள்ளைப் பார்க்கவில்லை. பேனா நகரும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு?"

"பதினெட்டு."

இரண்டாவது வளைவு, பதினெட்டு. மூன்றாவது வளைவில், கல் வைத்த அதே இடத்தில், வேண்டுமென்றே நிறுத்தி எடுத்தேன். கார் நகர்ந்து ஏறியது. அந்தக் கல் இன்னும் ஓரத்திலேயே கிடந்தது, அவர் ஜன்னல் வழியே திரும்பி அதைப் பார்த்தார். பதினெட்டு. பாலம், பதினெட்டு. பலாமரம், மைல் கல். அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டிருந்தார். தாளை முழங்காலில் வைத்து, முள்ளின் மேல் கண்ணை வைத்து, நான் இடத்தைச் சொல்லுமுன்னே பேனாவை எடுத்தார். ரேஷன் கடை மேடு. பள்ளிக்கூடத்து ஏற்றம். பள்ளி வாசலில் பனிக்குள் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

தாளை வாங்கிப் பார்த்தேன். அவருடைய சாய்ந்த எழுத்தில் ஏழு பதினெட்டு. ரேஷன் கடைக்கு நேராக மட்டும் பதினேழு.

என் மனம் இறங்கியது. முழு வரிசையையும் மறுபடி பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அங்க மட்டும் ஏன் பதினேழு?"

"தெரியலீங்க. கியர் மாத்தினது லேட்டா இருக்கலாம். கடையாண்ட ஆடு குறுக்க வந்துச்சி, கால எடுத்தேன்."

"இருக்கலாம்னா? தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

அவர் அந்தப் பதினேழைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தாளை நாலாக மடித்து டேஷ்போர்டில் வைக்கப் போனவர், மறுபடி பிரித்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"வண்டிய திருப்பு. அந்த எடத்த இன்னொரு வாட்டி பார்த்துட்டு அப்பால வூட்டுக்குப் போவலாம்," என்றார்.